பழைய லெதர்மேன், ஸ்விஸ் கத்தி: வயது கணிப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மும்பை சோர் பஜாரின் மட்டன் தெருவில் கத்தி, இடுக்கி, திருப்புளி எல்லாம் மடக்கி வைத்த பழைய மல்டி டூல் ஒன்றைக் கையில் எடுத்தால், விலைக்கு முன்பே வயது வந்துவிடும். "ஐம்பது வருஷம் பழசு" என்பார் கடைக்காரர். அவர் பொய் சொல்ல வேண்டும் என்பதுகூட இல்லை. கருவியின் மேலேயே ஓர் ஆண்டோ, ஆண்டு போலத் தெரியும் ஓர் எண்ணோ இருக்கும். அதை வாசிக்கும் முறையில்தான் பிழை நடக்கிறது.

முதலில் ஒன்றைப் பிடித்துக்கொள்ள வேண்டும். கருவியில் உள்ள பெரும்பாலான அடையாளங்கள் "இந்த ஆண்டில் செய்தது" என்று சொல்வதில்லை. "இந்த ஆண்டுக்கு முன் செய்திருக்க முடியாது" என்று மட்டுமே சொல்கின்றன. ஐந்து அடையாளங்கள் ஐந்து ஆண்டுகளைக் காட்டினால், எல்லாவற்றிலும் பிந்திய ஆண்டே கருவியின் தயாரிப்பு ஆண்டுக்குக் கீழெல்லை. கீழே வரும் தவறுகளில் பாதிக்கு மேல் இதை மறப்பதால் வருபவை.

காப்புரிமை எண்ணை ஆண்டாக எடுத்துக்கொள்வது

அமெரிக்க நிறுவனமான லெதர்மேனின் முதல் மாடலான பாக்கெட் சர்வைவல் டூலில், சுருக்கமாகப் பிஎஸ்டியில், 4,238,862 என்ற அமெரிக்கக் காப்புரிமை எண்ணைப் பார்க்கலாம். டிம் லெதர்மேனுக்கு அது கிடைத்தது 1980 டிசம்பரில். அதை வைத்துக்கொண்டு "1980 மாடல்" என்று விற்கிறார்கள். போர்ட்லாந்தில் நிறுவனம் தொடங்கியதும் பிஎஸ்டி விற்பனைக்கு வந்ததும் 1983-இல்தான். அந்த மாடலின் தயாரிப்பு 2004 வரை ஓடியது. ஆகவே 1980-ஐச் சேர்ந்த பிஎஸ்டி என்று ஒன்று கிடையாது. அந்த எண் மட்டும் இருந்தால் 1983 முதல் 2004 வரை எந்த ஆண்டும் சாத்தியம்.

அதே எண்ணை வேறு வகையில் பயன்படுத்தலாம். அமெரிக்கக் காப்புரிமை எண்கள் வரிசையாக ஏறிக்கொண்டே போகும். 1981-இன் முதல் எண் 4,242,757. 1988-க்கு 4,716,594. 1990-க்கு 4,890,335. 1995-க்கு 5,377,359. 2000-க்கு 6,009,555. கருவியில் பல எண்கள் வரிசையாக இருந்தால் மிகப் பெரிய எண்ணை எடுத்து இந்த அட்டவணையில் வைத்துப் பாருங்கள். உதாரணமாக 4,744,272 என்று இருந்தால் அது 1988-க்கும் 1990-க்கும் நடுவே விழுகிறது, ஆகவே கருவி 1988-க்கு முந்தியதல்ல. இந்த ஒரு உத்தி எந்த அமெரிக்க மல்டி டூலுக்கும் பொருந்தும். விற்பவர் சொல்வதைவிட இதை நம்பலாம்.

நான்கு இலக்கக் குறியீட்டைத் தவறாக வாசிப்பது

1990-களிலிருந்து வந்த பல லெதர்மேன்களில் கைப்பிடியின் உட்புறத்தில் நான்கு இலக்கங்கள் பொறித்திருக்கும். முதல் இரண்டு மாதம், அடுத்த இரண்டு ஆண்டு. 0797 என்றால் 1997 ஜூலை. 1201 என்றால் 2001 டிசம்பர். இதைத் தொடர் எண் என்று எண்ணி "வெறும் எழுநூற்றுத் தொண்ணூற்றேழாவது பீஸ்" என்று விலை ஏற்றுபவர்களும் உண்டு. வாங்கும் முன் இரண்டு கைப்பிடிகளையும் முழுக்கத் திறந்து, அலகுகளையும் வெளியே எடுத்துவிட்டு உள்ளே பாருங்கள். எழுத்து மங்கியிருந்தால் முகப் பவுடரைக் கொஞ்சம் தேய்த்து மேலே துடைத்துவிட்டு, கைப்பேசி டார்ச்சை ஏறக்குறைய படுக்கை வாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். பள்ளத்தில் தங்கிய வெள்ளை எண்ணைக் காட்டிக்கொடுக்கும். நேராக அடிக்கும் ஒளியில் எஃகு முழுவதும் மின்னி எதுவும் தெரியாது.

வேவ் மாடலில் இன்னொரு குழப்பம். 1998-இல் வந்த முதல் வேவும் 2004-இல் மாற்றியமைத்த வேவும் ஒரே பெயர் கொண்டவை. திருப்புளி முனைகளைக் கழற்றி மாற்றும் பிட் டிரைவர் இருந்தால் அது 2004 அல்லது அதற்குப் பிந்தியது. பழையதில் திருப்புளிகள் கழற்ற முடியாதவை. கம்பி வெட்டும் பகுதியைத் தனியே கழற்றி மாற்ற முடிகிறது என்றால் அது 2018-இல் வந்த வேவ் பிளஸ்.

நிறுவனத்தின் ஆண்டைக் கத்திக்கு ஒட்டுவது

ஸ்விட்சர்லாந்தின் இபாக் ஊரில் கார்ல் எல்செனர் பட்டறை தொடங்கியது 1884. ஸ்விஸ் படைக்குப் படைவீரர் கத்தியை முதலில் கொடுத்தது 1891. அதிகாரிக் கத்தியைப் பதிவுசெய்தது 1897. பெட்டியிலோ சீட்டிலோ இந்த ஆண்டுகளில் ஒன்று இருந்தால் அது வரலாறு, தயாரிப்புத் தேதி அல்ல. இதில் கணக்குக்கு உதவுவது 1921 மட்டுமே. எல்செனர் தன் தாயின் நினைவாக வைத்த விக்டோரியா என்ற பெயரோடு, துருப்பிடிக்காத எஃகைக் குறிக்கும் 'இனாக்ஸ்' சேர்ந்தது அந்த ஆண்டில். அலகில் விக்டோரினாக்ஸ் என்று பொறித்திருந்தால் அது 1921-க்கு முந்தியதாக இருக்க வழியில்லை.

சிவப்புப் பிடியில் வெள்ளைச் சிலுவையைக் கண்டதும் எல்லாவற்றையும் விக்டோரினாக்ஸ் என்பதும் தவறு. டெலேமோன் ஊரின் வெங்கர் நிறுவனமும் அதே படைக்குக் கத்தி கொடுத்தது, 2005-இல்தான் விக்டோரினாக்ஸ் அதை வாங்கியது. விக்டோரினாக்ஸ் சிலுவை கேடயத்துக்குள் இருக்கும், வெங்கர் சிலுவை முனை மழுங்கிய சதுரத்துக்குள் இருக்கும். சின்னம் தேய்ந்துபோயிருந்தால் மூடிய நிலையில் வெர்னியர் அளவியால் அளந்து பாருங்கள். வெங்கரின் வழக்கமான நீளம் 85 மி.மீ., விக்டோரினாக்ஸில் 84, 91, 93 எனப் போகும். 84-க்கும் 85-க்கும் உள்ள வேறுபாட்டைப் பள்ளி ஸ்கேலில் உறுதியாகப் பார்ப்பது கடினம்.

மாற்றக்கூடிய உறுப்பைச் சாட்சியாக நிறுத்துவது

பெரும்பாலானோர் சறுக்கும் இடம் இது. பிளாஸ்டிக் பிடித்தகடுகள், உறுப்புகளைச் சேர்த்துப் பூட்டும் ஆணிகளான ரிவெட் தலைகளின் மேல் அழுத்திப் பொருத்தியவை. நெம்பினால் கழன்றுவிடும், புதியதை அழுத்தினால் அமர்ந்துவிடும். முள்வாங்கியும் பல்குச்சியும் வெறுமனே செருகியவை. கார்க் திருகிக்குள் சுழற்றி வைக்கும் சின்னத் திருப்புளியும் அப்படித்தான், அதைத் தனியாக வாங்கி எந்தப் பழைய கத்தியிலும் போடலாம். ஆகவே பளபளப்பான புதுப் பிடி இருப்பதால் கத்தி புதிது ஆகாது, மஞ்சள் படிந்த பல்குச்சி இருப்பதால் பழசும் ஆகாது.

நம்ப வேண்டியவை ரிவெட்டால் பூட்டிய உறுப்புகள்: பெரிய அலகின் அடியில், கீலுக்கு அருகே இருபுறமும் உள்ள முத்திரை, முதுகுப் பக்கத்தில் உள்ள கருவிகள், இடைத் தகடுகள். சொரசொரப்பான அலுமினியப் பிடிகளும் இந்தப் பட்டியலில் சேரும், அவை ரிவெட் போட்டவை என்பதால் எளிதில் மாற்ற முடியாது.

முதுகில் உள்ள கொக்கி நல்ல சாட்சி. விக்டோரினாக்ஸ் அதைச் சேர்த்தது 1991-இல். கிளைம்பர், ஹன்ட்ஸ்மேன் மாடல்களில் கொக்கி இருந்தால் 1991-க்கு முந்தியதல்ல. ஆனால் கொக்கி இல்லாததைக் காட்டி எல்லாவற்றையும் பழசு என்று முடிவுகட்டக் கூடாது. ஸ்பார்ட்டன் மாடலில் அது எக்காலத்திலும் கிடையாது. இல்லாத உறுப்பை வைத்துப் பேசும் முன், அந்த மாடலில் அது இருந்திருக்க வேண்டியதா என்று பார்த்தாக வேண்டும்.

தோல் உறையை வைத்து வயது சொல்வதை அறவே விட்டுவிடலாம். தாராவியில் எந்த அளவுக்கும் உறை தைத்துக் கொடுப்பார்கள், அதில் நல்ல வேலைப்பாடும் இருக்கும். அது உறையின் வயதைத்தான் சொல்லும்.

ஆண்டு உண்மையிலேயே பொறித்திருக்கும்போது

1961 முதல் 2008 வரை ஸ்விஸ் படைக்குப் போன 93 மி.மீ. அலுமினியக் கத்தியில் பெரிய அலகின் அடியில் இரண்டு இலக்கம் இருக்கும். 73 என்றால் 1973. ஸ்விஸ் கத்திகளில் அபூர்வமான தெளிவு இது, அதனால்தான் தொடங்குபவர்களுக்கு இதை வாங்கச் சொல்லலாம். இதன் பொதுமக்கள் வடிவம் போன்ற பயனியர் மாடலில் சாவி வளையம் உண்டு. வளையம் உள்ள கத்தியைப் "படைக் கத்தி" என்று விலை சொன்னால் முதலில் ஆண்டு முத்திரையைக் கேளுங்கள்.

துருவை வயதாக எண்ணுவது, அதைத் தேய்த்து அழிப்பது

மும்பையில் துரு எதையும் நிரூபிக்காது. ஒரு மழைக்காலம் முழுக்க ஈரம் குடித்த தோல் உறைக்குள் கிடந்தால் சென்ற ஆண்டு வாங்கிய கருவியிலும் புள்ளி விழும், கடல் உப்புக் காற்று அதை வேகப்படுத்தும். துருப்பிடிக்காத எஃகு என்பது துரு தாமதமாகப் பிடிக்கும் எஃகு, அவ்வளவே.

வாங்கிய அன்றே புளியும் உப்பும் போட்டுப் பித்தளைச் சொம்பு போலத் துலக்குவது, கம்பி பிரஷ் போடுவது, பஃபிங் சக்கரத்தில் கொடுப்பது ஆகிய மூன்றையும் செய்யாதீர்கள். முத்திரையின் ஆழம் மில்லிமீட்டரில் சின்னப் பங்கு. பஃபிங் அதை முதலில் தின்றுவிடும், முத்திரை போன கத்திக்கு வயது சொல்வது மிகக் கடினம். வெதுவெதுப்பான நீரில் பாத்திர சோப்பைக் கலந்து, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் கீல்களைத் திறந்து மூடிக் கழுவுங்கள். துணியால் துடைத்து, விசிறிக்கடியில் ஓர் இரவு முழுக்க எல்லா அலகும் பாதி திறந்தபடி காய விடுங்கள். பிறகு ஒவ்வொரு கீலுக்கும் ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளடைவில் பிசுபிசுத்துத் தூசியைப் பிடித்துவைத்துக்கொள்ளும்.

கழுவும் முன்பே முத்திரைகளை இருபுறமும் படம் எடுத்துவிடுங்கள். அதன்பின் ஒரு தாளில் ஒவ்வோர் அடையாளத்துக்கும் எதிரே அது காட்டும் கீழெல்லையை எழுதுங்கள், மாற்றக்கூடிய உறுப்புக்கு எதிரே கோடு போடுங்கள். கொக்கியுள்ள கிளைம்பர் ஒன்றில் பெயர் முத்திரை 1921, கொக்கி 1991, பிடித்தகடு கோடு, பல்குச்சி கோடு என்று வந்தால், "1991 அல்லது அதற்குப் பின்" என்று எழுதி நிறுத்துங்கள். விற்கும்போதும் அப்படியே எழுதுங்கள்.