சாண எரிவாயு: நிரப்புவதிலிருந்து நீல ஜுவாலை வரை

தினமும் 2 கனமீட்டர் வாயு தரும் சாண எரிவாயுக் கலனுக்கு, நாளொன்றுக்கு 50 கிலோ புதுச் சாணம் வேண்டும். நான்கைந்து மாடுகள் போதும். அதே அளவு தண்ணீர் ஊற்றி, கட்டியில்லாமல் கரைத்து, வைக்கோல், கல், மண்ணை எடுத்துவிட்டு ஊற்றுங்கள். வைக்கோல் மிதந்து ஏடாகக் கட்டினால் வாயு மேலே வராது. மண் அடியில் படிந்து கலனின் கொள்ளளவைத் தின்றுவிடும்.

முதல் நிரப்பலில், ஓடிக்கொண்டிருக்கும் வேறொரு கலனின் கரைசலைப் பத்தில் ஒரு பங்கு சேர்த்தால் நுண்ணுயிரிகள் விரைவில் பெருகும். முதலில் வருவது பெரும்பாலும் கரியமில வாயுவும் உள்ளிருந்த காற்றும்தான். அது எரியாது, மீத்தேனோடு (எரியும் வாயு அதுதான்) கலந்த காற்று வெடிக்கவும் கூடும். அதனால் பற்றவைக்காமல் திறந்தவெளியில் வெளியேற்றுங்கள். மீத்தேன் பாதிக்கு மேல் சேர்ந்ததும் ஜுவாலை நீலமாக நிலைத்து எரியும்.

அதிகம் கெடுவது பேராசையால்தான். சமையல் கழிவை ஒரே நாளில் கொட்டினால் அமிலம் உண்டாக்கும் நுண்ணுயிரிகள் முந்திக்கொள்ளும். மீத்தேன் தருபவை மெதுவாக வளர்பவை, அமிலத்தில் முடங்கும். புளித்த நாற்றம் வந்தால் கரைசலின் பிஎச் (அமிலத்தன்மையைக் காட்டும் எண்; குறையக் குறைய அமிலம் அதிகம்) பாருங்கள். 6.5க்குக் கீழே போனால் கலனுக்குப் போடும் தீனியை ஒரு வாரம் நிறுத்தி, பிறகு சாணம் மட்டும் கொடுங்கள்.

ஜுவாலை துடித்தால் குழாயில் தண்ணீர் தேங்கியிருக்கிறது. தாழ்வான இடத்தில் வடிகால் வால்வு வையுங்கள். கசிவைச் சோப்பு நுரையால் மட்டும் தேடுங்கள், தீக்குச்சியால் வேண்டாம். காலி கலனுக்குள்ளும் இறங்காதீர்கள்: உள்ளே பிராணவாயு இருக்காது.