ஓட்டை ஏன் முட்டை வடிவில் விழுந்தது? .243 ரைஃபிளுக்குக் குண்டு தேர்ந்தெடுப்பது எப்படி

முதலில் ஒரு சொல் தகராறைத் தீர்த்துக்கொள்வோம். தமிழில் எல்லாவற்றையும் 'தோட்டா' என்று சொல்லிவிடுகிறோம். இங்கே கடையில் அது இரண்டு தனித்தனி அலமாரி. இந்தப் பதிவில் தோட்டா என்றால் பித்தளைக் கூடு, பிரைமர் (மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி), வெடிமருந்து, குண்டு எல்லாம் சேர்ந்த முழுப்பொருள். குண்டு என்றால் குழலை விட்டுப் பறந்து போகும் நுனிப் பாகம் மட்டும். நாம் தேர்ந்தெடுக்கப்போவது இந்தக் குண்டை.

நான் வாஷிங்டன் மாநிலத்தில், சியாட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கிறேன். வாரக் கடைசிகளில் காகித இலக்கு. அக்டோபரில் மலைகளுக்குக் கிழக்கே போய் மான் வேட்டை. இரண்டுக்கும் ஒரே ரைஃபிள்தான்: பழையதாக வாங்கிய .243 வின்செஸ்டர் (.243 என்பது குண்டின் விட்டம், அங்குலத்தில்). துப்பாக்கியைப் பாதுகாப்பாகக் கையாளுவது, உரிமம், ஸ்கோப் பொருத்துவது எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். 1972 ஜனவரி 1-க்குப் பிறகு பிறந்தவர்கள் இந்த மாநிலத்தில் வேட்டைப் பயிற்சி வகுப்பை முடித்தாக வேண்டும். முடிக்காதவர்கள் இந்தப் பக்கத்தை மூடிவிட்டு முதலில் அதற்குப் போங்கள்.

படி 1: குழலின் முறுக்கை அளந்துவிடுங்கள்

கடைக்குப் போவதற்கு முன்னால் செய்ய வேண்டியது இது. நான் செய்யவில்லை. அதனால் ஒரு மாதம் போயிற்று.

குழலுக்குள் திருகுபோலப் புரிகள் ஓடுகின்றன. குண்டு அவற்றைப் பிடித்துக்கொண்டு சுழன்றபடி வெளியே வரும். பம்பரம் போலத்தான்; சுழற்சி போதாவிட்டால் தலை ஆடும். எத்தனை அங்குலத்தில் ஒரு முழுச் சுற்று என்பதே முறுக்குக் கணக்கு. பெரும்பாலான .243 ரைஃபிள்களில் அது 10 அங்குலம். நொடிக்கு 3,000 அடி வேகத்தில் போகும் குண்டு அந்தக் குழலிலிருந்து நொடிக்கு 3,600 சுற்றுச் சுழற்சியோடு வெளிவரும். ஆனாலும் சில குண்டுகளுக்கு அது போதாது.

நான் வாங்கியது 105 கிரெயின் எடையுள்ள, நீண்ட மூக்கும் ஒடுங்கிய வாலும் கொண்ட போட்டிக் குண்டு. அதற்கு முன் 100 கிரெயின் தட்டை அடிக் குண்டை இதே குழலில் சுட்டு, நூறு கஜத்தில் ஓட்டைகள் எல்லாவற்றையும் ஒரு அங்குலத்துக்குள் அடக்கியிருந்தேன். கூடுதல் எடை வெறும் ஐந்து கிரெயின். கிராமில் சொன்னால் மூன்றில் ஒரு பங்கு. என்ன ஆகிவிடும் என்று நினைத்தேன். ஐந்து குண்டும் உள்ளங்கை அகலத்துக்குச் சிதறின. ஸ்கோப் திருகுகளைக் கழற்றி மாட்டினேன். ஸ்கோப்பையே மாற்றினேன். மூச்சை அடக்குவதில் தவறு என்று நினைத்து அதையும் ஒரு வாரம் பயிற்சி செய்தேன். கடைசியில் பக்கத்து மேஜையிலிருந்த பெரியவர் தன் தொலைநோக்கியில் என் காகிதத்தைப் பார்த்துவிட்டு, "சிதறலை விடு, ஓட்டையைப் பார்" என்றார். போய்ப் பார்த்தேன். இரண்டு ஓட்டைகள் முட்டை வடிவில் இருந்தன. ஒன்றில் குண்டு ஏறக்குறைய குறுக்காகவே புகுந்த தடம்.

வீட்டுக்கு வந்து இரண்டு குண்டுகளையும் மேஜையில் நிற்க வைத்தேன். 100 கிரெயின் சுமார் ஓர் அங்குல உயரம். 105 கிரெயின் கிட்டத்தட்ட ஒன்றேகால் அங்குலம். விஷயம் எடையில் இல்லை, நீளத்தில் இருக்கிறது. குண்டு நீள நீள வேகமான முறுக்கு, அதாவது இன்னும் குறைந்த அங்குலத்தில் ஒரு முழுச் சுற்று, வேண்டும். அந்த 105-க்கு 8 அங்குல முறுக்கு தேவை. அட்டைப்பெட்டியில் பொடி எழுத்தில் அச்சிட்டும் இருந்தது; நான்தான் படிக்கவில்லை.

அளக்கும் முறை எளிது. ரைஃபிள் காலியாக இருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்துவிட்டு போல்ட்டைக் கழற்றி எடுத்துவிடுங்கள். குழல் துடைக்கும் கம்பியின் முனையில் துணியை இறுக்கமாகச் சுற்றி, பின்பக்கமாக உள்ளே விடுங்கள். துணி புரிகளைக் கவ்வியதும் கைப்பிடிக்கு அருகே கம்பியின் மேல்பக்கத்தில் ஒரு கோடு போடுங்கள். குழலின் பின்முனைக்கு நேராகக் கம்பியில் ஒரு துண்டு டேப் ஒட்டுங்கள். இப்போது மெதுவாகத் தள்ளினால் கம்பி தானாகத் திரும்பும். கோடு ஒரு முழுச் சுற்றுச் சுற்றி மறுபடி மேலே வந்ததும், அதே பின்முனைக்கு நேராகக் கம்பியில் இன்னொரு டேப். இரண்டு டேப்புக்கும் இடையிலுள்ள தூரம்தான் உங்கள் முறுக்கு. கைப்பிடி தாராளமாகச் சுழலும் கம்பியாக இருக்க வேண்டும். மலிவான துண்டுக் கம்பிகளில் கைப்பிடி சுழலாது, அளவும் பொய் சொல்லும். ஒற்றைத் துண்டு, மேலுறை போட்ட கம்பி ஒன்றை வாங்கிவிடுங்கள். இதில் மட்டும் சிக்கனம் வேண்டாம். மூன்று முறை அளந்து பாருங்கள்.

படி 2: காகிதமா, மானா?

பெட்டியில் 'ஹாலோ பாயின்ட்' (மூக்கில் துளையுள்ள குண்டு) என்று போட்டிருந்தால் அது வேட்டைக்கு என்று முடிவுகட்டிவிடாதீர்கள். போட்டிக் குண்டின் மூக்கிலும் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை இருக்கும். அது உடலில் பட்டதும் விரிவதற்காக வைத்த துளை அல்ல. செம்பு உறையை அடியிலிருந்து மேல்நோக்கி இழுத்து மூடும்போது நுனியில் மிஞ்சுகிற வாய் அது. அடிப்பாகம் சீராக அமைய வேண்டும் என்பதற்காக அப்படிச் செய்கிறார்கள். காகிதத்தில் அற்புதமாக விழும். மானின் உடலில் என்ன செய்யும் என்று சொல்ல முடியாது: ஒரு முறை விரியாமலே துளைத்துக்கொண்டு போகும், இன்னொரு முறை தோலுக்கடியிலேயே நொறுங்கும். இரண்டிலும் மான் காயத்தோடு ஓடிவிடும்.

குழப்பத்துக்கு நல்ல உதாரணம் சியெரா என்ற குண்டு நிறுவனம். அவர்களுடைய மேட்ச்கிங், 85 கிரெயின் கேம்கிங் இரண்டுமே மூக்கில் துளையுள்ளவைதான். கேம்கிங் வேட்டைக்காகச் செய்தது. மேட்ச்கிங்கை வேட்டைக்குப் பரிந்துரைப்பதில்லை என்று அந்த நிறுவனமே சொல்கிறது. முழு உறை போட்ட ராணுவ வகைக் குண்டும் மானுக்கு ஆகாது. அது விரியவே விரியாது.

வேட்டைக் குண்டில் எனக்குப் பிடித்தது நாஸ்லர் பார்ட்டிஷன். 1946-இல் ஜான் நாஸ்லர் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஒரு மூஸ் (மிகப் பெரிய மான் வகை) மீது சுட்டார். குண்டு உடைந்து சிதறியது, மூஸ் விழவில்லை. அந்த எரிச்சலில் வீடு திரும்பியவர் உறையின் நடுவே ஒரு தடுப்புச் சுவர் வைத்துக் குண்டு செய்தார். முன்பாதி காளான்போல விரியும், பின்பாதி சேதமில்லாமல் உள்ளே போகும். 1948-இல் விற்பனைக்கு வந்தது, இன்றும் கடையில் இருக்கிறது. என் துப்பாக்கிக்கு 95 கிரெயின்.

ஈயமே இல்லாத முழுச் செம்புக் குண்டு வேண்டுமானால் பார்ன்ஸ் நிறுவனத்துடையது நல்லது. ஆனால் படி 1-ஐ மறக்காதீர்கள். செம்பு ஈயத்தைவிட அடர்த்தி குறைவு. அதே எடைக்குக் குண்டு நீளமாகிவிடும். ஆகவே செம்பில் எடை குறைந்ததை எடுக்க வேண்டும். என் 10 அங்குல முறுக்குக்கு 80 கிரெயின் கச்சிதம்.

எல்க் (மானைவிடப் பெரிய இன்னொரு மான் வகை) பற்றி ஒரு வரி: .243 இந்த மாநிலத்தில் அதற்கும் சட்டப்படி செல்லும். நான் அதை எடுத்துக்கொண்டு எல்க் பின்னால் போகமாட்டேன்.

படி 3: மூன்று வகை வாங்கிச் சுட்டுப் பாருங்கள்

எந்தக் குண்டு உங்கள் குழலுக்குப் பிடிக்கும் என்று பெட்டியைப் பார்த்துச் சொல்ல முடியாது. என் நண்பரும் நானும் ஒரே மாதிரி ரைஃபிள் வைத்திருக்கிறோம். அவருக்கு ஒரு அங்குலத்தில் விழுவது எனக்கு இரண்டரை. மூன்று வகையில் தலா ஒரு பெட்டி, நூறு கஜம், முன்னும் பின்னும் மணல் பை. ஒவ்வொன்றிலும் ஐந்து குண்டு, இரண்டு முறை. மூன்று குண்டுக் குழுவை நம்பவே நம்பாதீர்கள். அதிர்ஷ்டம் இருந்தால் மூன்று குண்டு யாருக்கும் ஒட்டிக்கொண்டு விழும். படம் எடுத்து நண்பர்களுக்கு அனுப்பத்தான் அது உதவும். குழல் தொட முடியாத சூடு என்றால் நிறுத்துங்கள்.

செம்பும் ஈயமும் மாற்றி மாற்றிச் சுடும்போது நடுவில் குழலைத் துடையுங்கள். முந்தைய குண்டின் படிவு அடுத்ததைக் கெடுக்கும்.

எவ்வளவு போதும்? மானின் நெஞ்சுக்கூட்டில் இதயமும் நுரையீரலும் இருக்கும் இடம் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவு. ஒன்றரை அங்குலத்தில் விழும் வேட்டைக் குண்டு தாராளம். அரை அங்குலத்தைத் துரத்தி நான் செலவழித்த பணத்துக்கு இன்னொரு ஸ்கோப் வாங்கியிருக்கலாம். காகிதப் போட்டிக்குப் போகிறவர்கள் துரத்தலாம்.

பிடித்தது கிடைத்ததும் ஒரே லாட் எண்ணில் (ஒரே தடவையில் தயாரான தொகுப்பில்) நான்கைந்து பெட்டி வாங்கிவிடுங்கள். பயிற்சிக்கு 70 கிரெயின் மேட்ச்கிங், வேட்டைக்கு 95 கிரெயின் பார்ட்டிஷன் என்று நான் வைத்திருக்கிறேன். இரண்டும் ஒரே இடத்தில் விழாது. சீசனுக்கு இரண்டு வாரம் முன்பே வேட்டைக் குண்டுக்கு ஸ்கோப்பைத் திருத்திவிட்டு, அதன்பிறகு வேறு எதையும் சுடுவதில்லை.

பின்சேர்க்கை 1: இதெல்லாம் தங்களுக்கும் பொருந்துமா என்று சென்னையிலிருந்து ஒருவர் கேட்டிருந்தார். இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டைக்குத் தடை இருக்கிறது. மேலே உள்ள மான் பகுதி உங்களுக்கு இல்லை. ரைஃபிள் கிளப்பில் 50 மீட்டர் .22 சுடுகிறவர்களுக்குப் படி 3 அப்படியே பொருந்தும். லாட் வாரியாகச் சுட்டுப் பார்த்து வாங்குவதுதான் அங்கே எல்லாமே.

பின்சேர்க்கை 2: கலிஃபோர்னியா வாசகர்களுக்கு: அங்கே 2019 ஜூலை 1 முதல் வேட்டைக்கு ஈயக் குண்டு கூடாது. நேராகச் செம்புப் பகுதிக்குப் போங்கள்.

பின்சேர்க்கை 3: டென்வரிலிருந்து ஒரு வாசகர் கொஞ்சம் காரமாகவே எழுதினார். அவருடைய 10 அங்குல முறுக்கில் அதே 105 கிரெயின் குண்டு வட்ட ஓட்டைதான் போடுகிறதாம். நான் வாசகர்களைப் பயமுறுத்துகிறேனாம். அவர் சொல்வது பொய்யல்ல. டென்வர் 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, காற்று மெல்லியது, குண்டின் மூக்கைத் தள்ளும் விசை குறைவு. கடல் மட்டத்தின் குளிர்ந்த, கனத்த காற்றில் அதே சுழற்சி போதாது. நவம்பரில் வேலையாகச் சியாட்டில் பக்கம் ரைஃபிளோடு வந்தார், எங்கள் மைதானத்துக்கு அழைத்துப்போனேன். ஐந்து குண்டு சுட்டார். மூன்று முட்டை.