போர் சூழ்ந்த நாட்டில் ஓர் எரிவாயு மின்நிலையத்தின் பங்கை மதிப்பிடுவது எப்படி

போரில் சிக்கிய நாட்டில் ஒரு மின்நிலையம் எத்தனை மெகாவாட் என்று செய்தி வந்தால், அந்த எண்ணை வீடுகளுக்குக் கிடைத்த மின்சாரமாகக் கொள்ளக் கூடாது. ஏமனின் மாரிப் எரிவாயு மின்நிலையத்தை வைத்து இதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம்.

முதலில் நிறுவுதிறனில், அதாவது நிலையம் தரக்கூடியதாக அறிவிக்கப்படும் உச்சத் திறனில், கழிக்க வேண்டியதைக் கழியுங்கள். மாரிப்புக்குக் குறிக்கப்படுவது 341 மெகாவாட். எரிவாயுச் சுழலிகளின் திறன் பொதுவாக 15 பாகை செல்சியஸை வைத்தே அறிவிக்கப்படுகிறது. காற்று சூடேறினால் அடர்த்தி குறையும் என்பதால், 40 பாகை வெயிலில் சுழலியின் திறன் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடும். நிலையம் தன் இயக்கத்துக்கே பயன்படுத்தும் மின்சாரம் அற்பம், விட்டுவிடலாம்.

அடுத்து எரிபொருள் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். ஈராக்கில் ஈரானிலிருந்து வரும் வாயு குறைந்தால் மின்வெட்டு நீள்கிறது. மாரிப் நிலையமோ வாயு வயல்களை ஒட்டியே கட்டப்பட்டதால், எரிபொருளுக்கு எல்லை கடக்க வேண்டியதில்லை.

கம்பிப்பாதையைத்தான் மிகுந்த கவனத்துடன் ஆராய வேண்டும். மாரிப்பிலிருந்து தலைநகர் சனாவுக்கு 400 கிலோவோல்ட் பாதை திறந்த நிலத்தின் வழியே செல்கிறது. அரசிடம் கோரிக்கை வைத்திருந்த பழங்குடியினர் சிலர் இரும்புச் சங்கிலியைக் கம்பிகளின் மேல் வீசியெறிந்தாலே போதும், மின்சுற்று குறுக்காகிப் பாதை துண்டிக்கப்படும். சங்கிலியை எடுக்கச் சில மணி நேரம் போதும். பழுதுபார்ப்போர் அவ்விடத்தை நெருங்க அனுமதி பெறுவதற்கோ நாட்கணக்கில் பேச்சுவார்த்தை நடக்கும். ஆகவே பழுதுநேரத்தை அல்ல, அனுமதி கிடைக்கும் நேரத்தைக் கணக்கில் எடுங்கள்.

அதன்பின் அந்த நிலையத்தின் உற்பத்தியை, அதே வேளையில் உண்மையாக இயங்கும் மற்ற நிலையங்களின் உற்பத்தியோடு ஒப்பிடுங்கள். பழுதாகிக் கிடப்பவற்றைச் சேர்க்காதீர்கள். ஒரே நிலையம் பெரும் பங்கைச் சுமக்கையில் அது திடீரென விலகினால், மின்சாரம் நொடிக்கு 50 முறை அலையும் வேகமான 50 ஹெர்ட்ஸ் அலைவெண் சரிந்து, மற்றவையும் தம்மைக் காத்துக்கொள்ளத் தாமே நின்றுவிடும். 2014 ஜூனில் மாரிப் பாதை தாக்கப்பட்டபோது ஏமன் முழுவதும் இருண்டது இப்படித்தான் விளங்கும்.

கடைசியாக, மின்சாரம் எந்தப் பகுதிக்குப் போகிறது என்று கேளுங்கள். 2015இல் போர் மூண்டதும் சனாவுக்கான வழங்கல் நின்று, வீட்டுக் கூரைகளில் சூரியத் தகடுகள் ஏறின. பின்னாளில் மாரிப் நிலையம் மீண்டும் இயங்கியபோதும் அதன் மின்சாரம் மாரிப் பகுதிக்கே பயன்பட்டது. சனாவின் கணக்கில் அதைப் பூஜ்யமாகவே எழுத வேண்டும்.