கடற்கரைக் குப்பை அள்ள வெங்காயச் சாக்கு

அரியமான், தனுஷ்கோடி போன்ற கடற்கரைகளில் குப்பை அகற்றச் செல்லும் தன்னார்வலர்கள், பிளாஸ்டிக் பைகளை விலைக்கு வாங்குவதற்குப் பதிலாக, மளிகைக் கடைகளில் வெங்காயம் வந்திறங்கும் வலைச்சாக்குகளைக் கேட்டு வாங்கிச் செல்லலாம். கரை ஒதுங்கிய நைலான் வலைத்துண்டு, கயிறு, தண்ணீர் பாட்டில் எல்லாவற்றிலும் ஈர மணல் அப்பியிருக்கும். சாக்கின் வாயைக் கட்டும் முன் நன்றாக உலுக்கினால் மணலும் நீரும் வலைக்கண் வழியே உதிர்ந்துவிடுவதால் சுமை குறைகிறது, கரையின் மணலும் கரையிலேயே தங்குகிறது. வலைத்துண்டோடு சேர்ந்து உள்ளே போய்விட்ட சிறு நண்டுகூட வெளியிலிருந்தே கண்ணில் படும் என்பதால் உடனே எடுத்து விட்டுவிடலாம். இந்தப் பயனையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

கண்ணாடிச் சில்லு, தூண்டில் முள், ஊசி ஆகியவற்றுக்கு இது உதவாது. அவற்றுக்கு மூடியுள்ள பழைய பெயின்ட் வாளி வேண்டும். இழை பிரிந்த சாக்கையும் தவிர்க்க வேண்டும், ஏனெனில் உதிரும் இழைகள் மணலில் புதுக் குப்பையாகச் சேரும். ஒதுங்கிக் கிடக்கும் கடற்புல் குப்பையன்று, அது மணலைப் பிடித்து வைப்பதால் அள்ளாமல் விட்டுவிட வேண்டும். 1986-இல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவின் தீவுகளுக்கு, நோக்கம் துப்புரவுப் பணியே ஆனாலும், வனத்துறையின் அனுமதியின்றிச் செல்லக் கூடாது.