பக்கவாதமும் மரபுவழி ரத்த உறைவும்: பரிசோதனையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இளம் வயதில் பக்கவாதம் வந்த ஒருவரின் படுக்கையருகே நிற்கும்போது, 'இவருக்கு ஏன் வந்தது?' என்ற கேள்வி மருத்துவரை விடுவதில்லை. ரத்த அழுத்தம் இல்லை, சர்க்கரை இல்லை, புகைப்பழக்கம் இல்லை என்று ஆனதும், பயிற்சி மருத்துவர்கள் த்ராம்போஃபிலியா (ரத்தம் எளிதில் உறையும் தன்மை) பரிசோதனைப் படிவத்தை எடுத்து, அதிலுள்ள எல்லாக் கட்டங்களிலும் குறியிட்டு, அன்றைக்கே ரத்தம் எடுத்து அனுப்பிவிடுகிறார்கள். வரும் முடிவு அப்படியே நோயாளியின் கோப்பில் ஏறிவிடுகிறது. பயிற்சிக் காலத்தில் நானும் இதையே செய்தேன். அதனால் ஒரு குடும்பம் பட்ட பாட்டையும் பார்த்தேன். ஒவ்வோர் ஆண்டும் புதிதாக வருகிறவர்கள் அதே இடத்தில் அதே தவறைச் செய்வதைக் கண்டுதான் இதை எழுதுகிறேன். குழாயில் பெயர் மாறுவது, படிவத்தில் வயதை எழுத மறப்பது போன்றவற்றை யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

தமனி அடைப்பையும் சிரை அடைப்பையும் ஒன்றாகக் கருதுவது

மூளைக்கு ரத்தம் கொண்டுசெல்லும் தமனி அடைபட்டாலும் பக்கவாதம் என்கிறோம். மூளையிலிருந்து ரத்தத்தை வடிக்கும் சிரை அடைபட்டாலும் அதே பெயரைச் சொல்கிறோம். மரபுவழி உறைவுக் கோளாறுகளோ பெரும்பாலும் சிரையைச் சேர்ந்தவை. ஃபேக்டர் ஃபைவ் லைடன், புரோத்ராம்பின் ஆகிய மரபணு மாற்றங்கள், உறைவைத் தடுக்கும் புரதங்களான ஆன்டித்ராம்பின், புரதம் சி, புரதம் எஸ் ஆகியவற்றின் குறைபாடுகள் எல்லாம் மூளைச் சிரை உறைவோடு தெளிவான தொடர்பு உடையவை. பெரியவர்களுக்கு வரும் தமனி அடைப்பில் அந்தத் தொடர்பு மெலிந்துவிடுகிறது. கண்டுபிடித்தாலும் பெரும்பாலும் மருந்து மாறுவதில்லை. இதயத் துடிப்பு சீரற்றுப் போய், இடது மேலறையில் ரத்தக் கட்டி உண்டாகி, அது மூளைக்குச் சென்ற 65 வயதுக்காரரிடம் இந்த மரபணுக்களைத் தேடுவதில் பயன் ஏதும் இல்லை.

ஒரு விதிவிலக்கு உண்டு. இதயத்தின் இரண்டு மேலறைகளுக்கு இடையே பிறவியிலேயே மூடாமல் விட்ட துளை இருந்தால், கால் சிரையில் உண்டான கட்டி நுரையீரலுக்குப் போகாமல் அந்தத் துளை வழியாக இடது பக்கம் நுழைந்து மூளைத் தமனியை அடைக்கலாம். அப்படிப்பட்ட நோயாளியிடம் மரபணுவைத் தேடுவதற்கு முன்னால் கால்களின் சிரைகளை டாப்ளர் கருவியால் பாருங்கள். நாள் கடந்தால் கட்டி கரைந்து, சான்றும் போய்விடும்.

கட்டி உண்டான நாட்களில் அளந்து, ஆயுளுக்கும் முத்திரை குத்துவது

இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் எனக்கு ஆத்திரம் தருகிற தவறு இதுதான். இதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

ஐந்து நாட்களாகத் தலைவலியும் பிறகு வலிப்பும் வந்து சேர்க்கப்பட்ட 29 வயதுப் பெண்ணுக்கு, எம்.ஆர்.ஐ. படத்தில் மூளையின் பெரிய சிரைக்குழியில் ரத்தக் கட்டி தெரிந்தது. உறைவைத் தடுக்கும் ஹெப்பாரின் ஊசியைத் தொடங்கினோம், இரண்டு நாளில் அதே வேலைக்கான வார்ஃபரின் மாத்திரையும் சேர்த்தோம். அதற்கு அடுத்த நாள் காலையில் வெளிர்நீல மூடியிட்ட சிட்ரேட் குழாய்களில் ரத்தம் எடுத்து அனுப்பியவன் நான். புரதம் எஸ் குறைவு என்று முடிவு வந்தது. 'புரதம் எஸ் குறைபாடு. ஆயுள் முழுவதும் வார்ஃபரின்' என்று விடுவிப்புச் சுருக்கத்தில் என் கையாலேயே எழுதினேன். ஆய்வகம் தந்த தாளின் அடியில், சிறிய எழுத்தில், 'உறைவெதிர்ப்பு மருந்து உட்கொள்பவரிடம் இம்முடிவைக் கொண்டு நோய் நிர்ணயம் செய்ய இயலாது' என்று அச்சிட்டிருந்தது. அதை நான் படிக்கவில்லை.

அந்த எண் ஏன் பொய்யானது என்பதைப் புரிந்துகொண்டால் இந்தத் தவறு மறுபடி நேராது. புரதம் சி, புரதம் எஸ் இரண்டும் வைட்டமின் கே துணையோடு கல்லீரலில் உருவாகின்றன. வார்ஃபரின் அந்த வைட்டமினின் வேலையைத்தான் தடுக்கிறது. ஆகவே அம்மருந்தை உட்கொள்ளும் எவரிடமும் இவை இரண்டும் குறைந்தே இருக்கும். புரதம் சி சில மணி நேரத்திலேயே பாதியாகக் குறையக்கூடியது என்பதால் அதுவே முதலில் சரியும். ஹெப்பாரின் சில நாட்களில் ஆன்டித்ராம்பினைக் குறைத்துவிடும். மருந்தே கொடுக்காவிட்டாலும், பெரிய கட்டி உருவாகும்போது இந்தத் தடுப்புப் புரதங்கள் செலவாகின்றன. அதற்கு மேல், ரத்தத்தில் உள்ள புரதம் எஸ்ஸில் ஏறத்தாழ 60 சதவீதம் வேறொரு புரதத்தோடு பிணைந்தே இருக்கிறது. அழற்சி வந்தால் அந்தத் துணைப் புரதம் கூடி, தனித்து வேலை செய்யும் பங்கு குறைந்துவிடும். கர்ப்பமும் ஈஸ்ட்ரோஜன் மாத்திரையும் புரதம் எஸ்ஸைத் தாமாகவே இறக்கும். ரிவராக்ஸபான், அபிக்ஸபான் போன்ற புதிய உறைவெதிர்ப்பு மருந்துகள் இதற்கு நேர்மாறாக, உறைவு நேரத்தை வைத்து அளக்கும் பரிசோதனைகளில் இல்லாத அளவை இருப்பதாகக் காட்டி, உண்மையான குறைபாட்டையே மறைத்துவிடக்கூடும்.

அந்தப் பெண் நான்கு ஆண்டுகள் வார்ஃபரினில் இருந்தார். மாதந்தோறும் ஐ.என்.ஆர். (மருந்தின் அளவு சரியா என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்த்தார், ஈறில் ரத்தம் கசிந்தபோதெல்லாம் பயந்தார். கருவின் 6 முதல் 12 வாரம் வரையிலான காலத்தில் வார்ஃபரின் குழந்தையின் எலும்பையும் மூக்கையும் பாதிக்கும் என்று யாரோ சொல்லக் கேட்டு, குழந்தை வேண்டாம் என்றே முடிவு செய்திருந்தார். பிறகு வேறொரு காரணத்துக்காக என் முன்னால் வந்து அமர்ந்தபோது, மறுபடி முதலிலிருந்து கேட்டேன். தலைவலி தொடங்குவதற்கு இரண்டு மாதம் முன்பு கருத்தடை மாத்திரை எடுக்கத் தொடங்கியிருந்தார். 'ஏதாவது மருந்து சாப்பிடுகிறீர்களா?' என்று நான் அன்றைக்குக் கேட்டதற்கு 'இல்லை' என்றுதான் சொல்லியிருந்தார். மாத்திரையை அவர் மருந்தாக நினைக்கவில்லை. நானும் பெயர் சொல்லிக் கேட்கவில்லை. ரத்தவியல் மருத்துவரோடு கலந்து, வார்ஃபரினை நிறுத்தி, இடைக்காலத்தில் குறைந்த மூலக்கூறு எடை ஹெப்பாரின் ஊசி கொடுத்து, ஆறு வாரம் கழித்துத் தனித்த புரதம் எஸ்ஸை அளந்தோம். இயல்பாக இருந்தது. சில வாரங்கள் கழித்து இரண்டாம் முறையும் இயல்பாகவே இருந்தது.

ஆகவே புரதம் சி, புரதம் எஸ், ஆன்டித்ராம்பின் ஆகியவற்றை அளக்க, கட்டி உண்டாகி மூன்று மாதமாவது கடக்கட்டும்; வார்ஃபரினை நிறுத்தி இரண்டு வாரமாவது ஆகட்டும்; புரதம் எஸ்ஸுக்கு இன்னும் கூடுதலாகப் பொறுத்திருங்கள். மருந்தை நிறுத்துவதே ஆபத்தாக இருக்கும் நோயாளியிடம், மருந்தில் இல்லாத பெற்றோரையோ உடன்பிறந்தோரையோ பரிசோதிப்பது மேல். குறைவான முடிவு எதையும் மறுமுறை உறுதி செய்யாமல் கோப்பில் நோயாக எழுதாதீர்கள். அவசர நாட்களில் எடுத்தாலும், புதிய உறைவெதிர்ப்பு மருந்துகள் இல்லாத நிலையில் இயல்பான அளவு வந்தால் அதை நம்பலாம். சந்தேகம் எல்லாம் குறைவான அளவின் மேல்தான். ஃபேக்டர் ஃபைவ் லைடனும் புரோத்ராம்பின் மாற்றமும் டி.என்.ஏ.வில் பார்க்கப்படுபவை என்பதால் அவற்றை எந்த நாளிலும், எந்த மருந்தின் மேலும் பார்க்கலாம். எதை உடனே பார்ப்பது, எதைத் தள்ளிவைப்பது என்று பிரிக்காமல் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் அனுப்பியதுதான் அன்றைக்கு நான் செய்தது.

எம்.டி.எச்.எஃப்.ஆர். மரபணுவைப் பார்ப்பது

ஃபோலேட் என்ற வைட்டமினைக் கையாளும் மரபணு இது. பார்க்க வேண்டாம்.

மரபணு மாற்றம் என்றாலே பரம்பரை என்று எண்ணுவது

ரத்த அணுக்களை அளவுக்கு மீறிப் பெருகச் செய்யும், 2005-இல் விவரிக்கப்பட்ட ஜாக்-2 மரபணு மாற்றம் பெற்றோரிடமிருந்து வருவதில்லை. எலும்பு மஜ்ஜையில் பின்னாளில் தோன்றுவது. மூளைச் சிரை உறைவு வந்தவரின் சிவப்பணுவோ தட்டணுவோ கூடுதலாக இருந்தால் இதைத் தேட வேண்டும், குடும்பத்தாரை அல்ல. இது கிடைத்தால் சிகிச்சையே வேறு பாதையில் போகும் என்பதால், சாதாரண ரத்த எண்ணிக்கைத் தாளை முதலில் நிதானமாகப் படியுங்கள்.

பரம்பரையில் மூழ்கி, பிறகு வந்ததை விடுவது

ஆன்டிபாஸ்போலிபிட் நோய்க்குறி (உடலே உண்டாக்கும் எதிர்ப்புரதங்களால் ரத்தம் உறையும் நோய்) பரம்பரையானது அன்று. ஆனால் இளம் வயதினரின் தமனி வழிப் பக்கவாதத்தில் மேலே சொன்ன மரபணுக்கள் எல்லாவற்றையும்விட இதுவே முதலில் தேடப்பட வேண்டியது. ஒருமுறை நேர்மறையாக வந்தால் போதாது. குறைந்தது 12 வாரம் கழித்து மறுபடியும் பார்க்க வேண்டும். அந்த இரண்டாம் பரிசோதனைக்கு நோயாளியை யாரும் அழைப்பதில்லை என்பதே வழக்கமாக நடக்கும் பிழை. இந்த நோய்க்குறிக்கான மூன்று பரிசோதனைகளும் நேர்மறையான நோயாளிகளிடம் ரிவராக்ஸபானையும் வார்ஃபரினையும் ஒப்பிட்டு 2018-இல் வெளியான ஆய்வில், ரிவராக்ஸபான் பெற்றவர்களுக்கே அதிக உறைவுகள் நேர்ந்தன. அவற்றில் பக்கவாதமும் இருந்தது. வசதியாக இருக்கிறது என்பதற்காக இவர்களுக்கு மருந்தை மாற்றிவிடாதீர்கள்.

பிற மக்களின் பட்டியலை அப்படியே பின்பற்றுவது

ஃபேக்டர் ஃபைவ் லைடன் ஐரோப்பிய வம்சாவளியினரில் ஏறத்தாழ 5 சதவீதத்தினரிடம் உண்டு. கிழக்கு ஆசிய, ஆப்பிரிக்க வம்சாவளியினரிடம் மிக அரிது. நோயாளி யார் என்று பார்த்துக் கட்டத்தில் குறியிடுங்கள்.

குடும்ப வரலாற்றை ஒரே கேள்வியில் முடிப்பது

'வீட்டில் யாருக்காவது பக்கவாதம் வந்ததுண்டா?' என்று கேட்டால் 'இல்லை' என்ற பதில்தான் கிடைக்கும். யாருக்காவது ஒரு கால் மட்டும் வீங்கியதா, பிரசவத்துக்குப் பிறகு மூச்சுத் திணறி யாராவது இறந்தார்களா, ஐம்பது வயதுக்குள் ரத்தம் கட்டி ஊசி போட்டுக்கொண்டவர் உண்டா, அடுத்தடுத்துக் கருச்சிதைவு நடந்ததா என்று தனித்தனியாகக் கேட்க வேண்டும். பல நேரம் பதில் நோயாளியிடம் இருக்காது. கூட வந்திருக்கும் தாயிடமோ அத்தையிடமோ இருக்கும்.

உறுதியாகாத முடிவை உறவினர்மேல் ஏற்றுவது

நான்கு ஆண்டுகள் வார்ஃபரினில் இருந்த அந்தப் பெண்ணின் தங்கையையும் பரிசோதித்திருந்தார்கள். அப்போது அவர் ஆறு மாதக் கர்ப்பிணி. புரதம் எஸ் குறைந்திருந்தது. கர்ப்பத்தில் குறையாமல் இருந்தால்தான் வியப்பு. 'குடும்பக் குறைபாடு' என்ற பெயரில் பிரசவம் வரை நாள்தோறும் வயிற்றில் ஊசி போட்டுக்கொண்டார். அக்காவின் இரண்டாம் முடிவு வந்த வாரத்தில் தங்கையையும் வரவழைத்தேன். அவருடைய மகனுக்கு அப்போது மூன்று வயது. அவனுக்கும் இந்தப் பரிசோதனை செய்ய வேண்டுமா என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. வேண்டாம் என்றேன், பிறகு அவருக்கும் ரத்தம் எடுத்தோம். இயல்பாக இருந்தது.