மட்டக்களப்பிலிருந்து உகந்தை வரை: பேசாத உடன்பிறப்புகளின் பயணத்தைத் திரைக்கதையாக எழுதும் முறை

ஆண்டுக்கணக்காகப் பேசாதிருக்கும் உடன்பிறப்புகள் ஒரே வண்டியில் பயணம் செய்யும் கதையை எழுத விரும்புவோர், சிரிப்புக் காட்சிகளை விட்டுவிட்டு முதலில் பகையின் காரணத்தை எழுத வேண்டும். அக்காரணம் இலங்கையின் கிழக்குக் கரையான இந்த மண்ணுக்குரியதாக இருப்பது அவசியம். மட்டக்களப்பு, அம்பாறைத் தமிழரிடையே வீடும் வளவும் பெண்பிள்ளைக்குச் சீதனமாகச் சேர்வதும், ஆண்பிள்ளை மணமுடித்து மனைவியின் வீட்டுக்குப் போவதும் நெடுங்கால வழமை. தான் உழைத்துக் கட்டிய வீட்டுக்கு அண்ணன் விருந்தாளியாக வந்துபோகும் நிலையை இவ்வழமை உண்டாக்கக்கூடும்; 2004ஆம் ஆண்டுச் சுனாமிக்குப் பின் கிடைத்த வீடு எவர் பெயரில் எழுதப்பட்டது என்ற மனக்குறையும் அதனுடன் சேர்ந்தால், எவர் பக்கம் நியாயம் என்று பார்ப்பவரால் தீர்க்க முடியாத பகையொன்று கதைக்குக் கிடைக்கும். ஒருவரை முழுக் குற்றவாளியாக்கிவிட்டால் மற்றவரைப் பார்த்துச் சிரிக்க மனம் வராது.

அடுத்து, பயணத்தைத் தவிர்க்க முடியாததாக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, இறந்துபோன தாயின் நேர்த்திக்கடனாக, அண்ணன், தங்கை, இளைய தம்பி என்ற மூன்று பிள்ளைகளும் ஒன்றாகச் சென்று, அம்பாறை மாவட்டத்தின் தெற்கே கடலோரத்திலுள்ள உகந்தை முருகன் கோயிலில் ஒரு சேவலை விடவேண்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வெளிநாட்டிலிருந்து வரும் இளையவன் மட்டக்களப்புவரை இரயிலில் வந்துவிடலாம். இரயில் பாதை அங்கேயே முடிவதால் அதற்கப்பால் வீதிதான். மூத்தவனிடம் இருப்பது பட்டா எனப்படும் ஒரு சிறிய லொறி. அதன் முன்பகுதியில் இருவருக்கே இடமுண்டு என்பதால், சேவலுடன் பின்னால் யார் இருப்பது என்ற வழக்கு மட்டக்களப்பு நகரையொட்டிய கல்லடிப் பாலத்தைத் தாண்டுமுன்பே தொடங்கிவிடும். வேடிக்கையை வலிந்து புகுத்தாமல், இப்படி வண்டியின் அளவிலிருந்தே எடுப்பதுதான் என் கருத்தில் மிகச் சிறந்த வழி.

உரையாடலுக்கே அதிக உழைப்பைக் கொடுங்கள். கோபத்தில் இருக்கும் நம்மவர் நேரே பேசாமல், இடையில் ஒருவரை வைத்தே பேசுவர். "தம்பி, உன்ட அண்ணனுக்குச் சொல்லு, சேவலுக்குத் தண்ணி வைக்கோணும் எண்டு" என்று தங்கை சொல்ல, அதைத் தன் காதாலேயே கேட்ட மூத்தவன், "கல்முனையில நிப்பாட்டுவன் எண்டு அவவுக்குச் சொல்லு" என்று பதில் தருவதில் சிரிப்பும் வலியும் ஒன்றாகவே இருக்கின்றன. இந்த முறையைப் பாதிப் படம்வரை விடாமல் காத்து வந்தால், உகந்தைக்கு முன்வரும் பானமை என்ற ஊருக்கு அப்பால் சேவல் பற்றைக்குள் பறந்தோடும் வேளையில், "அண்ணா, அந்தப் பக்கம்!" என்று அவள் தன்னையறியாமல் கூப்பிடும் ஒரு வரியே உச்சக்காட்சியாகிவிடும். அதன்பின் மன்னிப்புக் கேட்கும் நீண்ட வசனம் எதையும் எழுதாதீர்கள். அவள் கூப்பிட்டதை எந்தப் பாத்திரமும் சுட்டிக்காட்டவும் வேண்டாம்.

வழியிலுள்ள ஊர்கள் வெறும் பின்னணியாக நின்றுவிடக் கூடாது. தமிழ் ஊர்களும் முஸ்லிம் ஊர்களும் மாறி மாறி வரும் இக்கரையோர வீதியில், அக்கரைப்பற்றுச் சாப்பாட்டுக் கடைக்காரர் ஒருவர் மூவரையும் ஒற்றுமையான குடும்பமென்று எண்ணி அன்போடு உபசரிக்க, அவர்கள் அதை மறுக்க வெட்கப்பட்டு ஒரே மேசையில் இருந்து சாப்பிடும் காட்சி, அவர்களின் பழைய வாழ்வைப் பின்னோக்கிக் காட்டாமலேயே உணர்த்திவிடும். எல்லா ஊரிலும் நிறுத்தத் தேவையில்லை. நிறுத்துமிடங்கள் மூன்று போதும்.

படப்பிடிப்புக் காலத்தை எழுதும்போதே தீர்மானித்துவிடுவது நல்லது. உகந்தையில் ஆடித் திருவிழா நடக்கும் நாட்களில் கதிர்காமப் பாதயாத்திரை அடியார்களும் அங்கே கூடுவதால், அந்தக் கூட்டம் கதைக்குத் தேவையா என்று யோசியுங்கள். அக்காலத்தில் மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்றும் பலமாக வீசும். ஓடும் லொறியின் பின்புறத்தில் பேசப்படும் வரிகளை அந்தக் காற்றில் தெளிவாகப் பதிவது கடினம் என்பதால், முக்கியமான வசனங்களை வண்டி நிற்கும் இடங்களுக்கு மாற்றி எழுதிக்கொள்ளுங்கள்.