ஹாஜி மலங்: தர்கா வரை படிக்கட்டு, அதற்கு மேல் கயிறு

ஹாஜி மலங் போகிறோம் என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது, தர்காவோடு திரும்பிவிடுவீர்களா, இல்லை உச்சிக்கும் போகிறீர்களா என்பதுதான். ஒரே மலைதான், ஆனால் இரண்டும் வேறு வேறு பயணங்கள். தர்கா வரை பாட்டியும் பேரனும் சேர்ந்து ஏறிவிடுவார்கள். அதற்கு மேலே இருக்கும் மலங்கட் கோட்டையின் உச்சிக்கு ஹார்னஸும் (இடுப்பில் மாட்டும் பாதுகாப்புப் பட்டை) கயிறும் அதைப் பிடிக்கத் தெரிந்த ஆளும் வேண்டும். கீழே சுலபமாக ஏறிவிட்ட தெம்பில் அப்படியே மேலேயும் போய்விடலாம் என்று கிளம்புகிறவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

இடம் மகாராஷ்டிராவில், கல்யாணுக்குத் தெற்கே, மாத்தேரான் மலைத்தொடரில். சென்னையிலிருந்து புனே வழியாக மும்பை போகும் ரயில்கள் பல கல்யாணில் நிற்கும். ஸ்டேஷனுக்கு வெளியே வந்து "ஹாஜி மலங்" என்று கேட்டால் பஸ்ஸும் ஷேர் ஆட்டோவும் காட்டுவார்கள், முக்கால் மணி நேரத்தில் அடிவாரம். உச்சிக்குப் போகிறவர்கள் முடிந்தால் முந்தின இரவே அங்கே போய்ச் சேர்ந்துவிடுங்கள், விடியும் முன் படியேறத் தொடங்கிவிட வேண்டும்.

போகும் காலம் நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை. மழைக்காலத்தில் தர்காவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இது எரிமலைக் குழம்பு இறுகிய கரும்பாறை, ஜூன் வந்தால் பாசி பிடித்துவிடும், எவ்வளவு நல்ல ஷூவும் நிற்காது. ஏப்ரல், மே வெயிலில் மேலே நிழலே கிடையாது. மாசி மாதத்தை ஒட்டி வரும் மாக பௌர்ணமிக்குத்தான் இங்கே உரூஸ் என்னும் தர்கா திருவிழா, அப்போது படிக்கட்டு முழுக்க ஜனம் நிற்கும், போலீஸ் பந்தோபஸ்தும் பலமாக இருக்கும். தர்காவைத் திருவிழாக் கோலத்தில் பார்க்க விரும்பினால் அந்த வாரம் போங்கள், பாறை ஏற நினைத்தால் தவிர்த்துவிடுங்கள்.

அடிவாரத்திலிருந்து தர்காவுக்கு சாதாரண நடையில் ஒன்றரை இரண்டு மணி நேரம். வழியெல்லாம் கடைகள்: டீ, எலுமிச்சை சர்பத், ரோஜாப்பூ, அகர்பத்தி, மடித்து அடுக்கிய பச்சைப் போர்வைகள். அதனால் கீழிருந்தே தண்ணீரைச் சுமக்க வேண்டாம், காலி பாட்டில்களைக் கொண்டுபோய் மேலே நிரப்பிக்கொள்ளுங்கள். மலையில் இழுவை ரயிலுக்குத் தண்டவாளமும் போட்டிருக்கிறார்கள், ஆனால் உச்சிக்குப் போகிறவர்கள் படியிலேயே ஏறுவது நல்லது. கால் சூடாகும், கூட்டாளிகளில் யாருக்கு மூச்சு வாங்குகிறது என்பதும் அங்கேயே தெரிந்துவிடும்.

தர்காவில் அவசரப்படாதீர்கள். ஏமனிலிருந்து வந்த ஹாஜி அப்துர் ரஹ்மான் என்கிற மலங் பாபா இங்கே அடங்கியிருக்கிறார் என்பது மரபு. நாத யோகிகளின் மரபைச் சேர்ந்த மச்சிந்திரநாதரின் சமாதி என்று வணங்குகிற இந்துக்களும் உண்டு. கல்யாணைச் சேர்ந்த கேத்கர் என்ற பிராமணக் குடும்பம் தலைமுறை தலைமுறையாக இதன் பொறுப்பில் இருக்கிறது. இந்த இடம் யாருக்குச் சொந்தம் என்று வெளியே எத்தனையோ வருஷமாகச் சண்டை நடக்கிறது, ஆனால் உள்ளே ஒருவர் பாத்திஹா ஓதிக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் இன்னொருவர் கை கூப்பி நிற்பதைப் பார்க்கலாம். அதற்காகவே அரை மணி நேரம் உட்காரலாம் என்பேன். செருப்பைக் கழற்றி, கை கால் கழுவி, கைக்குட்டையாலோ துப்பட்டாவாலோ தலையை மூடிக்கொண்டு போங்கள். உள்ளே எதுவரை போகலாம், போட்டோ எடுக்கலாமா என்பதை அங்கிருப்பவர்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள். ஹார்னஸும் ஹெல்மெட்டும் மாட்டிய கோலத்தில் தயவுசெய்து உள்ளே நுழையாதீர்கள், அதையெல்லாம் வெளியே வந்த பிறகு மாட்டிக்கொள்ளலாம்.

சரி, இனி மேலே. தர்கா இருக்கும் தட்டுக்குப் பீர் மாச்சி என்று பெயர். அதற்கு மேல் சோனே மாச்சி, அதற்கும் மேல் பாலேகில்லா எனப்படும் உச்சிக்கோட்டை. 1780-ல் கேப்டன் ஆபிங்டன் தலைமையில் வந்த ஆங்கிலேயப் படை கீழ்த்தட்டைப் பிடித்தும் மேல்கோட்டையைப் பிடிக்க முடியாமல் திணறியது. அது ஏன் என்பது தர்காவுக்குப் பின்னால் அண்ணாந்து பார்த்தாலே புரியும்.

குடியிருப்புகளைத் தாண்டினால் புதர்க்காடு, அப்புறம் நிற்க நிற்கச் சரியும் மண்ணும் கல்லுமான சரிவு. இங்கே ஒருவர் பின்னால் ஒருவராகப் போகாமல் கொஞ்சம் பக்கவாட்டில் விலகி ஏறுங்கள், முன்னால் போகிறவர் கால்பட்டு உருளும் கல் பின்னால் வருகிறவர் மேல்தான் விழும். ஹெல்மெட் இங்கிருந்தே தலையில் இருக்க வேண்டும். பாறை முகத்தில் மலைத்தேன் கூடுகள் இருக்கும் என்பதால் சென்ட், பீடி சிகரெட், சத்தம் மூன்றும் கூடாது. கூடு கலைந்தால் இந்த இடத்தில் ஓடுவதற்கு வழியில்லை.

பாறையில் வெட்டிய படிகள் ஓரிடத்தில் அறுந்துபோகும். எதிர்ப்பக்கம் கண்ணுக்குத் தெரியும், ஆனால் நடுவில் படி இல்லை, இரும்புக் குழாய்தான் இருக்கிறது, கீழே பள்ளத்தாக்கு. நெஞ்சைப் பாறையோடு ஒட்டி, பாதத்தைக் குறுக்கே வைத்து, பக்கவாட்டில் நகர வேண்டும். இரண்டு கை இரண்டு கால் என்ற நாலில் மூன்று எப்போதும் பிடிமானத்தில் இருக்க வேண்டும். பை முதுகில் இருந்தால் வெளிப்பக்கமாக இழுக்கும், அதனால் அதைத் தனியாகக் கயிற்றில் அனுப்புங்கள். அனுபவமுள்ளவர் முதலில் கடந்து கயிறு கட்டி, கேராபினர் என்னும் உலோகக் கொக்கியில் உங்கள் ஹார்னஸ் மாட்டப்பட்டிருக்கிறதா என்று பார்த்துக் குரல் கொடுத்த பிறகுதான் அடி எடுத்து வைக்க வேண்டும். முன்பு யாரோ கட்டிவிட்டுப் போன கயிறு தொங்கிக்கொண்டிருந்தால் அதை நம்பவே கூடாது, வெயிலில் வெந்து உள்ளே இற்றுப்போயிருக்கும். இதைத் தாண்டியதும் செங்குத்தாக ஒரு சின்னப் பாறை, அதையும் கயிற்றோடுதான் ஏற வேண்டும்.

குழாயைப் பார்த்ததும் கை நடுங்குகிறது என்றால் அங்கேயே உட்கார்ந்துவிடுங்கள். அப்படி உட்கார்ந்தவரைக் கூட வந்தவர்கள் யாரும் கிண்டல் செய்து உசுப்பேற்றக் கூடாது, இதில் நான் கறார்.

உச்சியில் பாறையில் குடைந்த தண்ணீர்த் தொட்டிகளும் இடிந்த அரண்மனைச் சுவர்களும் இருக்கின்றன. தொட்டித் தண்ணீரை நம்பி வராமல், தர்காவிலேயே ஆளுக்கு மூன்று லிட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். வானம் தெளிவாக இருந்தால் சந்தேரி, மாத்தேரான், பிரபல்கட் மலைகள் தெரியும். பக்கத்தில் ஊசியாக நிற்கிற தேவணி முழுநேரப் பாறையேறிகளுக்கானது, அதைப் பார்ப்பதோடு சரி.

மதியம் 12 மணிக்கு உச்சியைத் தொடாவிட்டாலும் திரும்பிவிடுங்கள். விடுமுறை நாட்களில் ஏறுகிற குழுவும் இறங்குகிற குழுவும் குழாயில் எதிரெதிரே மாட்டிக்கொண்டு மணிக்கணக்கில் காத்திருக்க நேரும், அதனால் வாரநாளில் வர முடிந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. இறக்கத்தில் களைத்த கால்தான் வழுக்கும். ஏறும்போது மாட்டிய கயிற்றை இறங்கும்போதும் மாட்டுங்கள், கடைசி ஆள் மிகவும் தேர்ந்தவராக இருக்கட்டும். தர்கா தட்டுக்கு வந்ததும் எத்தனை பேர் போனோமோ அத்தனை பேரும் இருக்கிறார்களா என்று எண்ணிவிட்டு, அங்கே சாப்பிட்டுவிட்டு இருட்டும் முன் படியிறங்குங்கள், கல்யாணுக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதைக் காலையிலேயே டிரைவரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.